பந்தயத்துக்கு முந்தைய ஓய்வு

சாம்பல் என்ற ஆண்புறா முதன்முதலில் கேட்டது, கூண்டுக்கு மேலே அப்பாவின் சிறகுகள் படபடத்து உயர்ந்துபோன சத்தம். அன்றிலிருந்து அவனுக்கு வானம்தான் எல்லாம். இறங்காமல் அதிக நேரம் பறக்கும் புறாவுக்கே கோப்பை என்ற பந்தயத்தில் அவன் தோற்றதே இல்லை.

இறுதிச் சுற்றில் இடம் உறுதியானதும், சொந்தக்காரர் அவனுக்கு ஓய்வு கொடுத்து, மிச்சமிருந்த சின்னப் போட்டிகளுக்கு இளைய புறா புள்ளியை அனுப்பினார்.

"உங்களை ஊறுகாய் மாதிரி பத்திரமா வைக்கிறாங்களாம் அண்ணே," என்றான் புள்ளி.

"என் இடத்துக்கு அடிபோடுறியாடா?" என்று சாம்பல் பொருமினான்.

"சும்மாதானே இருக்கே, முட்டைமேல கொஞ்சம் உட்காரேன்," என்றாள் அவன் ஜோடி வெள்ளச்சி.

வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தான். அடிவயிற்றில் இளஞ்சூடு பரவியது. முட்டைக்குள் ஏதோ மெல்ல அசைந்தது. மறுநாள் யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்தான்.

இறுதிச் சுற்றுக்குச் சாம்பல், புள்ளி இருவரையும் பறக்கவிட்டார்கள். சாம்பல் என்றுமில்லாத தெம்போடு மேலேறினான். வெள்ளச்சி இந்நேரம் தீனிக்கு எழுந்திருப்பாளே, முட்டை ஆறிவிடுமே என்று நினைத்தான். சட்டென்று கீழே திரும்பினான்.

"என்னண்ணே, சிறகு வலியா?" என்று புள்ளி பதறினான்.

"இல்லடா. வீட்ல வேலை இருக்கு. நீ பற."

கோப்பை புள்ளிக்குக் கிடைத்தது. சாம்பலை அதன்பின் யாரும் போட்டிக்கு விடவில்லை. குஞ்சுகளை வளர்த்துக்கொண்டு, கொஞ்சம் பருத்து, நெடுநாள் இருந்தான்.