நிஷாந்தி போடும் சோறு

"ஊருக்கெல்லாம் சோறு போட்டது போதும். நீ பெத்த புள்ள இங்க தாய் மொகத்தையே மறந்துருச்சு. வீட்டுக்கு வா!"

இலங்கையின் உடப்புசல்லாவையில், தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று பூரணி போனில் கத்தினாள். லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போன மகள் நிஷாந்தி, சண்டை தொடங்கியதிலிருந்து ஒரு தேவாலயத்தில் சேவை செய்கிறாள். முதலாளிகள் கைவிட்டு ஓடிய வேலைக்காரப் பெண்களுக்கு அங்கே சமைத்துப் போடுகிறாள்.

"இவங்களுக்கு யாருமே இல்லம்மா. எப்புடி விட்டுட்டு வாறது?"

"எவளோ ஒருத்திக்குப் பாவம் பாக்குற. பெத்த புள்ள மேல பாவம் இல்லையா?"

நிஷாந்தி போனை வைத்துவிட்டாள்.

பூரணி மறுபடியும் கூப்பிட்டாள். வேறொரு பெண் பேசினாள்.

"நான் ஸஹ்லா, நானும் நம்ம நாட்டுக்காரிதான். அக்காகூட சமைக்கிறேன். அவங்க அழுதுகிட்டு இருக்காங்க, ஏசாதீங்கம்மா."

"அவளோட எசமானியம்மா நம்பரக் குடு. டிக்கெட் போட்டு அனுப்பச் சொல்றேன்."

"எந்த எசமானியம்மா? குண்டு விழுந்த அன்னைக்கே அக்காவ உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. பாஸ்போர்ட்டும் அவங்ககிட்டதான். ஜன்னல் வழியா குதிச்சுத்தான் இங்க வந்தாங்க. அக்காவும் எங்கள்ல ஒருத்திதான்மா."

பூரணி குரலைத் தணித்தாள்.

"அவகிட்ட குடும்மா."

நிஷாந்தி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அங்க இருக்குற பொண்ணுங்கள நல்லா பாத்துக்க," என்றாள் பூரணி. "புள்ளய நான் பாத்துக்கறேன். மொதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு."

நிஷாந்தி வாய்விட்டு அழத் தொடங்கினாள். போனை வைக்க இருவருக்குமே மனம் வரவில்லை.