சின்ன அறையில் குளிர்

இரவில் யார் எங்கே படுப்பார்கள் என்று கணித்து, கூரையில் கிடைக்கும் சூரிய மின்சாரம் வீணாகாமல் மதியமே அந்த அறையைக் குளிர்வித்து வைத்துவிடும் அந்த வீடு.

அன்று தாமரைச்செல்வி வேலையிலிருந்து வந்தபோது சின்ன அறையும் சில்லென்று இருந்தது. சண்டை போட்ட இரவுகளில் மட்டும்தான் அவள் கணவன் இளவழகன் அங்கே போய்ப் படுப்பான்.

அவன் வந்ததும் கூட்டிப்போய்க் காட்டினாள்.

“நல்லாத்தானே இருக்கோம்? இன்னிக்கு எதுக்குங்க சண்டை போடப் போறோம்?”

“சென்சார் கோளாறா இருக்கும்.”

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. அவர்கள் எங்கிருந்து போனில் பேசினாலும் வீட்டுக்குக் கேட்கும்.

“மத்தியானம் உங்க அக்கா பேசுனாங்களா? என்கிட்ட கேக்காம எதுக்காவது சரின்னுட்டீங்களா?”

இளவழகன் படுக்கையறைக்குப் போய்த் தன் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தான்.