விடுதலைக்கு ஓர் ஒப்பீடு

பொறியாளன் மூன்றாம் முறையாக அளித்த ராஜினாமாவையும் மேலாளர் திருப்பித் தந்தார்.

"நீ எழுதின இணைப்பு மென்பொருள் உனக்கு மட்டும்தான்பா புரியும். நீ போயிட்டா, அது ஓடாம படுக்கிறப்போ யாரைக் கூப்பிடுறது?"

சொந்தமாக நடத்துவதா, வெளியில் ஒப்படைப்பதா என்று செலவை ஒப்பிட்ட அறிக்கை ஒன்றைப் பொறியாளன் நீட்டினான்.

"எதுக்கு சார் நாமளே கட்டி நாமளே மாரடிக்கணும்? மென்பொருளை வச்சுப் பராமரிக்கிற ஹோஸ்டிங் கம்பெனிகிட்ட மொத்தமா ஒப்படைச்சிடுங்க. அப்புறம் அது அவங்க தலைவலி."

மேலாளர் அறிக்கையைப் புரட்டிப் படித்தார். பின்னர் இசைந்து, அவனை விடுவித்தார்.

புதிய வேலையின் முதல் நாளிலேயே மேசைத் தொலைபேசி ஒலித்தது.

"வணக்கம், ஹோஸ்டிங் சேவைப் பிரிவு" என்றான் பொறியாளன்.

"என்னப்பா, சௌக்கியமா?" பழைய மேலாளரின் குரலில் கனிவு வழிந்தது. "நீ எங்க சேரப்போறேன்னு விசாரிச்சுத்தான் அந்த மென்பொருளை உங்க கம்பெனிக்கே கொடுத்தேன். அதைப் பார்த்துக்க உன்னைத்தான் போடணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிட்டேன். இப்பவே அது படுத்துக் கிடக்கு. உங்க தலைவலிதானேப்பா?"