பேசுற மாஸ்க்

“அண்ணாச்சி, இந்த ரிசார்ட்டை வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு ஒரு காரணம்கூடக் கிடைக்காது. பாருங்க” என்று லேப்டாப்பை எதிரே இருந்தவர் பக்கம் திருப்பினாள் சஃப்ரின்.

தென்காசி ஸ்டேஷன் ரோட்டில் மாடியில் இருந்தது அவளுடைய டிராவல்ஸ். எதிரே இருந்தவருக்குக் குற்றாலத்தில் லாட்ஜ். பெயர் கடற்கரை. பெயரில்தான் கடல், நீச்சல்கூடத் தெரியாது. அப்படிப்பட்டவர் மனைவி வித்யாலட்சுமியோடு ஸ்கூபா டைவிங் போக இடம் தேடி வந்திருந்தார்.

சாரல் சீசனும் ஐயப்ப சீசனும் முடிந்து லாட்ஜ் காலியாகக் கிடக்கும் பிப்ரவரியில் ஒரே ஒரு வாரம். கல்யாணமான நாலு வருடத்தில் இதுதான் முதல் பயணம். ஒரு மணி நேரத்தில் மூன்று தீவுகளைத் தள்ளிவிட்டிருந்தார்.

“மாலத்தீவு. கடலுக்கு மேலேயே குடில். படுக்கையறைக்கு வெளிய உங்களுக்குன்னு தனியா ஒரு குளம்.”

கடற்கரை படத்தை வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்பினார். பதில் உடனே வந்தது. படித்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன சொல்லுதாங்க அக்கா?”

“‘பெட்ரூம் பக்கத்துல தண்ணி வேணும்னா நம்ம நாலாம் நம்பர் ரூம்ல படுத்தாப் போதும், ஒழுகத்தான செய்யுது’ங்கா.”

சஃப்ரினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு போனைப் போட்டுக் கேட்டா ரெண்டு நிமிஷத்துல முடியுற வேலை. டைப் அடிச்சுக்கிட்டே இருக்கிய.”

“அவ எழுத்துல சொன்னாத்தான் எனக்குத் தெளிவாப் புரியும். நீங்க அடுத்ததைக் காட்டுங்க.”

“இது புதுசு. ரெண்டு பேரு மட்டும் தனியா இறங்கலாம். கூட்டமே இருக்காது.”

“கூட்டம் வேணுமே.”

“ஹனிமூன் மாதிரி போறிய. கூட்டம் எதுக்கு?”

கடற்கரை சற்று யோசித்துச் சொன்னார். “எங்க வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதுக்குக் கூட்டிட்டுப் போனாலும் ஒரு ஓரமா உக்காந்துருதா. எங்க ஆளுக எல்லாம் கூடி உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. இவ என் முகத்தைப் பாப்பா. வீட்டுக்குப் போவமாங்கிற மாதிரி. ஒரு தடவையாவது பத்து பேரு நடுவுல அவ சந்தோஷமா இருந்து நான் பாக்கணும். அதுக்குத்தாம்மா இவ்வளவு தூரம் போறதே.”

“கூச்ச சுபாவமோ?”

“யாரு, அவளா? பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. கரண்டு போனாத்தான் எனக்கு ரெஸ்ட்டு.”

“அப்படின்னா இதைவிட நல்ல எடம் கிடையாது.” சஃப்ரின் உற்சாகமாக வேறொரு பக்கத்தைத் திறந்தாள். “தண்ணிக்குள்ள போட்டுக்கிடுற மாஸ்க்லயே மைக், ஸ்பீக்கர் எல்லாம் இருக்கு. அடியில மீனைப் பாத்துக்கிட்டே எல்லாரும் பேசிக்கலாம்.”

“வேண்டாம்.”

“கூட ஒரு பைசா கிடையாது அண்ணாச்சி.”

“அவங்களே காசு குடுத்தாலும் வேண்டாம்மா. பேசுற மாஸ்க் உள்ள எடமே வேண்டாம்.”

சஃப்ரின் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். “இப்பப் புரியுது. கடலுக்கு அடியிலயாவது பொண்டாட்டி பேச்சுல இருந்து தப்பிக்கணும். அதானே?”

“நீங்க சொல்லுததை அவகிட்ட சொல்லிராதிய” என்று கடற்கரை கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுபடி தேடினாள். அந்தமானில் ஒரு சின்ன ரிசார்ட். ஏசி இல்லை, நீச்சல் குளம் இல்லை. ஒரே படகில் பத்துப் பேர் போய், ஆளுக்கொரு பயிற்சியாளரோடு ஒன்றாக இறங்க வேண்டும். அந்தப் பத்தில் இரண்டே இடங்கள்தான் மிச்சம்.

“இங்க பழைய மாடல் மாஸ்க்தான். வாயில ஒரு குழாயைக் கவ்விக்கிட்டா ஒரு வார்த்தை பேச முடியாது. சைகைதான். மொத ரெண்டு நாளு அதைக் கரையில வச்சுப் பழக்குவாங்களாம். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனா ‘சூப்பர்’னு அர்த்தமில்லையாம். ‘மேல போகணும்’னு அர்த்தமாம்.”

கடற்கரை நிமிர்ந்து உட்கார்ந்தார். “பத்து பேரும் கையாலதான் பேசியாகணும்?”

“வேற வழியே இல்ல.”

“வாத்தியாருமா?”

“அவரு வாயிலயும் குழாய்தான அண்ணாச்சி இருக்கும்?”

“போட்டுருங்க. ரெண்டு எடத்தையும் இப்பவே போட்டுருங்க.” அவசரமாகக் கைப்பேசியில் எழுதினார். பதிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “‘மத்தவங்களுக்கு ரெண்டு நாள். உங்களுக்கு மட்டும் நாலு நாள் பழக்கச் சொல்லுங்க, கை வளையாது’ங்கா.”

சஃப்ரின் கீபோர்டைத் தட்டிக்கொண்டே கேட்டாள். “எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்காங்களே. இப்படிப்பட்டவங்களை எங்க பிடிச்சிய?”

“மெயின் அருவியில. வாசுதேவநல்லூர்ல இருந்து குடும்பத்தோட எங்க லாட்ஜுலதான் வந்து தங்கியிருந்தாங்க. ஒரு குரங்கு என் துண்டைத் தூக்கிட்டு ஓடுச்சு. இவ கையைக் காட்டிச் சொன்னா, நானும் கையைக் காட்டி எங்கனன்னு கேட்டேன். அப்படியே அரை மணி நேரம் பேசிச் சிரிச்சோம். தண்ணி விழுற சத்தத்துல அங்க அத்தனை பேரும் அப்படித்தான பேசிக்கிட்டு நிக்காங்க?”

“சரி, அப்புறம்?”

“அப்புறம் என்ன? சாயங்காலம் லாட்ஜ் வாசல்ல, ஒரு சத்தமும் இல்லாத எடத்துலயும் அவ கையாலயே பேசுனப்பத்தான், அந்த அருவிச் சத்தத்தை அவ ஒரு நாளும் கேட்டதே இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது.”