மாவுக்கட்டில் ஒரு கூட்டல் குறி

தேர்வு அறையில் பதினாலாம் கேள்வியை எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள்.

எதிர் நாற்காலியில் நீட்டி வைத்த காலில் சுடிதார் பேண்ட் மேலே ஏறியிருந்தது. மாவுக்கட்டின் மேல் கறுப்பு மார்க்கரில் ஒரு சூத்திரம்.

இப்போது எழுதி முடித்த அதே சூத்திரம்.

ஆறு வாரத்துக்கு முன் கபடி ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து, பிளேட் வைத்துத் தைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அணிப் பெண்கள் எல்லாரும் மாவுக்கட்டின் மேல் பெயர் எழுதினார்கள். ஜெனிட்டா மட்டும், இவள் எந்தத் தேர்விலும் மறந்து தொலைக்கும் பகுதித் தொகையிடல் சூத்திரத்தை எழுதினாள்.

"இத மறந்தேன்னா காலு சேராது பாத்துக்க."

அதையும் தப்பாக எழுதினாள். கழித்தல் வர வேண்டிய இடத்தில் கூட்டல். இவள் நாலு நாள் சிரித்தாள். திருத்த விடவில்லை.

போன வாரமே கட்டைப் பிரித்திருக்க வேண்டும். எலும்பு இன்னும் கூடவில்லை என்றார் டாக்டர்.

தேர்வு அதற்காகக் காத்திருக்குமா?

ஏற்கெனவே இரண்டு அரியர். மூன்றாவது விழுந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்த சீட் போய்விடும். கல்லூரி விதி அப்படி.

அடுத்த அறையில் பெஞ்சுகள் நகரும் சத்தம்.

பறக்கும் படை.

குனிந்து பேண்ட்டை இழுத்துவிடலாம். குனிந்தால், பார்த்து எழுதுகிறாள் என்பார்கள்.

நேராக உட்கார்ந்தாள்.

வந்தவர் வரலாற்றுத் துறை மேடம். வாசலை ஒட்டி இருந்தவள் இவள்தான். மேடம் மாவுக்கட்டில் இருந்ததை வாசித்தார். விடைத்தாளை எடுத்து வாசித்தார். மறுபடி கட்டை.

"பாத்து எழுதுறதயும் தப்பாவா எழுதுவ?"

அறையில் நாற்பது பேனாக்கள் நின்றன. எல்லாரும் கணக்குப் பிள்ளைகள். எது சரி என்று அத்தனை பேருக்கும் தெரியும். வாய் திறக்கத்தான் முடியாது.

"கட்டுல இருக்கறதுதான் மேடம் தப்பு."

அவளுக்கே அது பொய் போலக் கேட்டது.

மேடம் தாளைத் திருப்பித் தரவில்லை. கையோடு எடுத்துக்கொண்டு முன் பெஞ்சுக்குப் போனார். அங்கிருந்தவளின் தாளைப் புரட்டிப் பார்த்தார். அடுத்த பெஞ்சிலும் பார்த்தார். அதற்கடுத்த பெஞ்சிலும்.

எழுத இன்னும் இரண்டு கேள்வி பாக்கி. கையில் தாள் இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

எட்டு நிமிடம் போயிற்று.

மேடம் திரும்பி வந்தார். தாளை மேசையில் வைத்தார். குனிந்து, பேண்ட் ஓரத்தைப் பாதம் வரைக்கும் இழுத்துவிட்டார்.

போகிற போக்கில் கண்காணிப்பாளரின் காதில் ஏதோ சொன்னார்.

அவள் எழுதினாள். கோடு கோணியது, நிறுத்தாமல் எழுதினாள்.

மணி அடித்தபோது கடைசிக் கேள்வி பாதியில்தான் இருந்தது.

கண்காணிப்பாளர் எப்போதும் வாசல் பக்கமிருந்துதான் தாள் வாங்குவார். இன்று அந்தக் கோடி பெஞ்சுக்குப் போய் ஆரம்பித்தார். ஒவ்வொரு தாளாக வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டி, பதிவெண் சரிபார்த்து, நிதானமாக வந்தார்.

அவளிடம் வந்து சேர எட்டு நிமிடம் ஆயிற்று.