மூன்றாம் மாடிக்கு வரும் விசில்

தையற்காரியின் கணவர் ஒரு விபத்தில் அடிபட்டு, தொண்டைக்குள் குழாய் வைத்து மூச்சுவிட்டுப் பிழைத்தவர். குழாயை எடுத்த பிறகு அந்த இடத்தில் தழும்பு இறுகி மூச்சுவழி குறுகிப்போனது. அதிலிருந்து மூச்சை இழுத்தாலே விசில்தான். மூன்றாம் மாடி வீட்டுக்கு ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று விசிலடித்துவிட்டுத்தான் வருவார். முதல் சத்தம் கேட்டதும் அவள் டீக்குத் தண்ணீர் வைப்பாள். அது கொதிக்கவும் அவர் கதவைத் தட்டவும் சரியாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் பலூன் விட்டு மூச்சுவழியை விரித்தார்கள். விசில் நின்றது.

இன்று காலை மறுபடி கேமரா விட்டுப் பார்த்த டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "எவ்வளவு நல்லா ஆறினாலும் தழும்பு கொஞ்சமாவது தெரியும். இங்க அடையாளமே இல்லையே. வேற யாரையாவது கூட்டிட்டு வந்துட்டீங்களாம்மா?" என்று சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

மதியம் அவர் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூச்சுவிடுவதே தெரியவில்லை. அவள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே மாடிப்படியில் விசில் கேட்டது. பழக்கதோஷத்தில் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

விசில் அடுத்த திருப்பத்தில் நின்று, இளைப்பாறி, மறுபடி ஏறியது. தண்ணீர் கொதித்தது. கதவு தட்டப்பட்டது.

"என்னங்க..." என்றாள்.

அவர் பேப்பரை நிதானமாக மடித்து வைத்தார்.

"அடுப்ப அணைச்சிடு," என்றார் மெல்ல. "வீட்ல ஆள் இல்லன்னு நெனச்சு, திரும்பிப் போயிடுவான்."