கூப்பிட ஒரு விஷயம்

"டிரைவர் அண்ணே, நம்ம பக்கம் வருதா?"

பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகக் கேட்டாள். ஒரு கையில் துணி மூட்டை, இன்னொரு கையில் மிக்ஸி.

"பொறும்மா. இன்னும் இண்டிகேட்டர் போடல" என்றார் அவர், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். புயலையும் ஒரு வண்டியாகத்தான் பார்ப்பார்.

கடற்கரைத் தெருவே அவரிடம் கேட்டுக் கேட்டுப் போனது. படகுக்காரர் கயிற்றை இரட்டையாகக் கட்டினார். மளிகைக்கடைக்காரர் வாசலில் மணல் மூட்டை அடுக்கினார். இவர் மட்டும் எதையும் கட்டவில்லை, அடுக்கவில்லை. மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மதியச் செய்தியில், வரைபடத்தின் அம்புக்குறி வளைந்தது.

"திரும்பிட்டாம்மா! வடக்கே போறான்!"

தெருவில் யாரோ விசிலடித்தார்கள். மிக்ஸி மறுபடி சமையலறைக்குப் போனது.

அவர் அம்பையே பார்த்தார். அம்பின் நுனியில் இருந்தது மகன் குடியிருக்கும் நகரம்.

பயம் வந்தது. கூடவே, சொன்னால் வெட்கக்கேடு, கொஞ்சம் சந்தோஷமும் வந்தது.

"சும்மா சும்மா கூப்பிடாதீங்கப்பா. ஏதாவது விஷயம் இருந்தா மட்டும் கூப்பிடுங்க" என்று போன வருஷம் மகன் சொல்லியிருந்தான்.

தேவையில்லாமல் ஹாரன் அடித்துப் பழக்கமில்லாதவர் அவர். அன்றிலிருந்து ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தார். முதுகுவலியை விஷயமாகச் சேர்க்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டார். குழாய் உடைந்தபோது போனைக் கையில் எடுத்தார். அதற்குள் பிளம்பர் வந்து தொலைத்தான்.

இது விஷயம். இல்லையென்று யாராலும் சொல்ல முடியாது.

தொண்டையைச் செருமிக்கொண்டு எண்ணை அழுத்தினார்.

"என்னப்பா, ஏதாவது விஷயமா?"

"ஆமாப்பா! புயல் உங்க ஊருக்குத்தான் வருது. மாடித் தொட்டி மூடியை இறுக்கிக் கட்டிடு. பாப்பாவை ஜன்னலோரம் படுக்க வைக்காத. அப்புறம் மெழுகுவத்தி..."

மகன் குறுக்கிட்டான்.

"அப்பா... நாங்க அந்த ஊரை விட்டு வந்து ஆறேழு மாசம் ஆச்சே. இங்க வெயில் கொளுத்துது. உங்ககிட்ட சொல்லல?"

"சொன்னே, சொன்னே. நான்தான் மறந்துட்டேன்."

"சரிப்பா, மீட்டிங்ல இருக்கேன். வெச்சிடறேன்."

அவர் போனை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

மூட்டையைப் பிரித்துப்போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி பதறிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இப்பதான் ஞாபகம் வந்துச்சு. உங்க பையன் அந்தப் பக்கம்தானே இருக்கான்?"

"இல்லம்மா. மாறிட்டான்."

"நல்ல வேளை! எந்த ஊருக்கு?"

டி.வி. வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள் மேலிருந்து கீழாக ஒளிர்ந்தன. அத்தனையையும் அவர் ஒருமுறை படித்தார்.

"புயல் வராத ஊருக்கும்மா" என்றார்.